தொற்றுத் தடுப்பும் வார்டுத் தமிழும்



பின்வரிசையில் இருக்கும் வார்டு ஆயா அம்மாக்களும் தூய்மைப் பணியாளர் அண்ணன்மார்களும் முன்னால் வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் நிறைய இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப்போவது உங்கள் வேலையைப் பற்றி. அது உங்கள் காதில் தெளிவாக விழவேண்டும்.

ஒரு பொது வார்டில் படுத்திருக்கும் நோயாளியை ஒரு நாளில் யார் யார் நெருங்குகிறார்கள் என்று பாருங்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் சில நிமிடம் நிற்கிறார். சிஸ்டர் ஊசி போட, டிரிப்ஸ் மாற்ற, டிரெஸ்ஸிங் செய்யப் பல தடவை வருகிறார். இதற்கு வெளியே படுக்கை விரிப்பை மாற்றுவது, யூரின் பையைக் காலி செய்வது, கட்டிலுக்கு அடியில் மாப் போடுவது, குப்பைப் பையைக் கட்டி எடுப்பது, ஸ்டெரைல் டிரம்மில் துணி அடுக்குவது என்று எத்தனையோ வேலைகள் நடக்கின்றன. அவற்றைச் செய்யும் கைகள்தாம் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமி போவதைத் தடுக்கவோ கொண்டுபோய்ச் சேர்க்கவோ முடிகிற கைகள். ஆனால் தொற்றுத் தடுப்புக்கான கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் வருபவற்றில் பல, ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலத்தை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் மட்டுமே விளங்குபவை. சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புக்குக் கீழே நின்றபடியே அதற்கு நேர்மாறான வேலை நடப்பதை நான் என் செவிலியர் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். செய்பவரிடம் குறை இல்லை. அவரிடம் போய்ச் சேர்ந்த சொல்லில்தான் குறை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொற்றுத் தடுப்பில் ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க ஒரே சோதனைதான் உண்டு. அதைக் கேட்டவுடன் கை என்ன செய்யவேண்டும் என்பது தெரிகிறதா? தெரிந்தால் அது இரவல் சொல்லாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் எவ்வளவு அழகான தூய தமிழாக இருந்தாலும் வார்டில் அதற்கு வேலை இல்லை.

மிகச் சாதாரணமான சொல்லிலிருந்து தொடங்குகிறேன். "சுத்தம் பண்ணிடுங்க." ஒரு மருத்துவமனையில் ஒரு நாளில் மிக அதிகமாகச் சொல்லப்படும் கட்டளை இதுவாகத்தான் இருக்கும். இந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்புடைய, ஆனால் முற்றிலும் வேறான மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

தியேட்டரிலிருந்து ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கால்கள், நடுவில் கீல், கைப்பிடிக்குப் பக்கத்தில் பல் வைத்த பூட்டு. ரத்தம் காயக் காய அந்தக் கீலுக்குள்ளும் பற்களுக்கு இடையிலும் போய் இறுகிக்கொள்ளும். முதல் வேலை, பூட்டைத் திறந்து, தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது. தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு நீர் முகத்தில் தெறிக்கும். இது கழுவுதல். கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் சீழும் போகும். அவற்றோடு கிருமிகளில் பெரும்பகுதியும் போகும்.

இரண்டாவது, மருந்து போட்டோ சூடேற்றியோ கிருமிகளைக் கொல்வது. ஹைப்போகுளோரைட், ஸ்பிரிட், குளூட்டரால்டிஹைடு எல்லாம் இதற்குத்தான். ஆனால் சில கிருமிகள் தம்மைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். ரணஜன்னியை உண்டாக்கும் கிருமி அப்படித்தான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. இந்த இரண்டாவது வேலையில் வித்துகள் எல்லாம் சாகும் என்று நம்ப முடியாது. மூன்றாவது வேலை அந்த வித்துகளும் மிஞ்சாமல் அழிப்பது. நாம் ஸ்டெரைல் என்று சொல்வது அதை மட்டுமே.

எந்தப் பொருளுக்கு எந்த வேலை? அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ல் ஸ்பால்டிங் 1957இல் சொன்ன பாகுபாட்டைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். உடம்புக்குள் தசையிலோ ரத்தத்திலோ நுழையும் பொருள் ஸ்டெரைல் ஆக இருக்கவேண்டும். வாய், தொண்டை, குடல் போன்ற ஈரமான உட்சவ்வைத் தொடும் எண்டோஸ்கோப் போன்றவற்றுக்குக் குறைந்தது உயர்நிலைக் கிருமி நீக்கம் வேண்டும். காயமில்லாத தோலை மட்டும் தொடும் பி.பி. பட்டைக்கும் கட்டில் கம்பிக்கும் கழுவித் துடைப்பதும் சாதாரணக் கிருமி நீக்கமும் போதும். இவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இதில் அதிகம் தவறிப்போவது முதல் படி. ரத்தம் ஒட்டிய கருவியை அப்படியே ஹைப்போ வாளியில் போட்டுவிட்டுக் "கிருமி செத்திடும்" என்று போய்விடுகிறோம். குளோரின் ரத்தத்திலும் அழுக்கிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்தே தன் வலுவை இழந்துவிடும். கிருமியிடம் போய்ச் சேர மிச்சம் இருக்காது. போதாததற்கு இரும்பையும் எஃகையும் அரித்துவிடும். கழுவாமல் கிருமி நீக்கம் இல்லை. கிருமி நீக்கியது எல்லாம் ஸ்டெரைலும் இல்லை.

டிரம் அடுக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆட்டோகிளேவுக்குள் கிருமியைக் கொல்வது நீராவி. 121 டிகிரி செல்சியஸ் சூட்டில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், துணி சுற்றிய பொட்டலத்துக்கு 30 நிமிடம் வேண்டும். அந்த 30 நிமிடமும் சூடு முழுக்க ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. நீராவி துணிக்குத் துணி உள்ளே புகுந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நிறைய வேலை, நேரம் இல்லை என்று கவுனையும் டவலையும் அமுக்கி அமுக்கி அடைத்தால் நடுவில் இருக்கும் மடிப்புக்கு நீராவி போகாது. வெளியே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்திருக்கும். அந்தக் கோடு சொல்வதெல்லாம் இந்தப் பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதைத்தான். உள்ளே இருக்கும் துணி ஸ்டெரைல் ஆகிவிட்டது என்று அது சொல்லவில்லை. பொட்டலம் ஈரமாக வெளியே வந்தால் அது ஸ்டெரைல் கணக்கில் சேராது, திரும்பவும் போடவேண்டும். கையை உள்ளே விட்டால் மடிப்புகளுக்கு இடையே விரல் தாராளமாக நுழையவேண்டும். நான் சொல்லிக் கொடுத்த அளவு அதுதான்.

இந்த மூன்று வேலைக்கும் தமிழில் என்ன சொல்வது? அகராதிகளைப் பார்த்தால் தொற்றுநீக்கம், கிருமிநீக்கம், நுண்ணுயிர்நீக்கம், கிருமியொழிப்பு என்று சொற்கள் வருகின்றன. ஒரு புத்தகத்தில் இரண்டாம் வேலைக்கு வரும் சொல் இன்னொரு புத்தகத்தில் மூன்றாம் வேலைக்கு வருகிறது. தேர்வு எழுதும் மாணவி தப்பிவிடுவாள்; டிரம் அடுக்கும் அம்மா என்ன செய்வார்? கழுவுவது, கிருமி நீக்குவது, ஸ்டெரைல் பண்ணுவது என்ற மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. மூன்றாவது இரவல் சொல்தான். ஆனால் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதை அறியாத பணியாளர் இல்லை. அதைத் தமிழாக்கப் போய் இரண்டாவதோடு குழப்பிவிடுவதைவிட அப்படியே விட்டுவிடுவது நோயாளிக்கு நல்லது.

தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு விடை கிடைத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. கைகழுவுதலின் கதையும் அந்த விடையின் கதையும் ஒரே ஆண்டில் தொடங்குகின்றன. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணவறையிலிருந்து பிரசவ வார்டுக்கு வரும் மாணவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். தாய்மாரின் சாவு மளமளவென்று குறைந்தது. அதே 1847இல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற டாக்டர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். தம் மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, கிராமத்து மக்களிடம் அவர்கள் மொழியில் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று விரும்பினார். உடற்கூறு, உடலியங்கியல், நலம் பேணல் மூன்றையும் சொல்லும் நூலுக்கு 1852இல் அவர் வைத்த பெயர் "அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்". அறுவை மருத்துவத்துக்கு "இரண வைத்தியம்", வேதியியலுக்கு "கெமிஸ்தம்". பெரும் உழைப்பு. அவரிடம் படித்தவர்கள் தமிழிலேயே படித்துத் தேறி மருத்துவம் பார்த்தார்கள்.

அங்காதிபாதம் இன்று யார் வாயிலும் இல்லை. சுகரணமும் உற்பாலனமும் அப்படித்தான். நூல் வகுப்பறையோடு நின்றது. கற்பித்தலும் பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மாறாக, எந்த அறிஞரும் உட்கார்ந்து உருவாக்காமல் மக்கள் வாயில் பிறந்த சொற்களைப் பாருங்கள். அம்மை குத்துதல், ஊசி போடுதல், தையல் போடுதல், கட்டுக் கட்டுதல், மயக்க மருந்து. ஒவ்வொன்றும் கை செய்யும் வேலையைச் சொல்கிறது. அதனால் நிலைத்தன. கலைச்சொல் ஆக்கும் பெரியவர்கள் மணவை முஸ்தபா தொடங்கி இன்றுவரை செய்திருக்கும் பணியை நான் வணங்குகிறேன். அவர்களுடைய அகராதி வார்டுக்குள் வந்து ஒரு வாரம் ஆயாக்களோடு பழகியிருந்தால் இன்னும் கூர்மை பெற்றிருக்கும் என்பது மட்டும் என் ஆதங்கம்.

இனி இன்னொரு குழப்பத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் நம் காதில் ஓயாமல் விழுந்த சொல் தனிமைப்படுத்தல். நோய் வந்தவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதும் தனிமைப்படுத்தல்தான். நோயாளியோடு பழகியவர், இன்னும் நோய் வராதவர், வருமா என்று பார்ப்பதற்காக ஒதுங்கி இருப்பதும் தனிமைப்படுத்தல்தான். இரண்டுக்கும் ஒரே சொல். விளைவு என்ன? நோய் வந்தவரோடு பழகியவரையும் நோய் வந்தவரையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்தால்கூடச் சொல் அளவில் தவறு தெரியாது. நோயில்லாதவருக்கு நாமே நோயைக் கொடுக்கிற காரியம் அது.

இரண்டாவது வகைக்குத் தமிழர் வாழ்வில் நீண்ட வரலாறு உண்டு. இராமேசுவரம் போகும் ரயிலில் மண்டபம் கேம்ப் என்று ஒரு நிலையம் வரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை அங்கேதான் நிறுத்தி வைத்தார்கள். இலங்கை அரசே அந்த முகாமை நடத்தியது. அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து, காலராவோ பெரியம்மையோ தலைகாட்டுகிறதா என்று சில நாள் பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். நோயாளிகளாக அவர்கள் அங்கே இருக்கவில்லை. நாள் கழிவதற்காகக் காத்திருந்தார்கள். பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழர்களின் அகதி முகாமாயிற்று. நோயாளி என்றால் பிரித்து வைத்தல், பழகியவர் என்றால் காத்திருப்பு என்று இரண்டு சொற்களாக வார்டு நோட்டில் எழுதத் தொடங்கினாலே குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பிரித்து வைப்பது என்றவுடன் நம் மண்ணில் இன்னொரு பூதம் எழுந்து நிற்கிறது. அதன் பெயர் தீட்டு. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி வெளியாள் வராமல் பார்த்துக்கொண்டது நல்ல வழக்கம்தான்; நோய் பரவாமல் இருக்க அது உதவியிருக்கும். ஆனால் தீட்டு என்ற எண்ணம் நோயைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. சாதியைப் பார்க்கிறது. தொற்று ஆளைப் பார்ப்பதில்லை, வழியைத்தான் பார்க்கிறது. ரத்தம் வழியா, காற்று வழியா, கை வழியா, தண்ணீர் வழியா என்பதே தொற்றுத் தடுப்பின் முதல் கேள்வி. வழியை அடைத்தால் ஆளை ஒதுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதை முதன்முதலில் கண்டறிந்து சொன்னார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் எச்.ஐ.வி. நோயாளியின் கட்டிலில் தனி அட்டை தொங்கியதையும், அவருக்கென்று தனித் தட்டு வைத்ததையும், அறுவைக்குக் கடைசி ஆளாகத் தள்ளிவிட்டதையும் என் தலைமுறைச் செவிலியர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நோயாளிக்கு அவமானம். நமக்கோ பெரிய ஆபத்து. அட்டை தொங்கும் கட்டிலில் கையுறை போட்டுக்கொண்டு, தொங்காத கட்டிலில் வெறுங்கையோடு போனோம். அட்டை தொங்காத கட்டிலில் பரிசோதனையே செய்யாதவர் படுத்திருக்கலாம். மஞ்சள் காமாலை பி கிருமி ரத்தத்தில் இருப்பது தெரியாதவர் படுத்திருக்கலாம். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதி ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் சரி என்ற நெறி இதற்காகத்தான் வந்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டது. இதை எல்லோருக்கும் பொதுக் காப்பு என்று நான் சொல்லி வருகிறேன். கட்டிலுக்கு அட்டை வேண்டாம். கைக்குக் காப்பு வேண்டும்.

காசநோயிலும் நம் ஊரே உலகுக்குப் பாடம் சொன்னது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் ஒரு பிரிவு நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியவரை ஊருக்கு வெளியே தள்ளவேண்டியதில்லை என்று உலகம் தெரிந்துகொண்டது சென்னைச் சந்துகளில் கிடைத்த இந்த உண்மையிலிருந்துதான்.

காற்று வழி என்றேன். அதிலும் ஒரு சொல்லால் உலகமே தடுமாறியது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவும் நோய் இல்லை என்று சமூக ஊடகத்தில் அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 10ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவில் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒரு கூடத்தில் பாடிப் பயிற்சி செய்திருந்தார்கள். 53 பேருக்கு நோய் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இருமியவர் யாரும் எதிரே நின்று துப்பவில்லை. அறைக் காற்றில் மிதந்ததைத்தான் அத்தனை பேரும் சுவாசித்தார்கள்.

தவறு எங்கே நடந்தது? மருத்துவ நூல்கள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தன. ஐந்து மைக்ரானுக்கு மேல் இருந்தால் அது துளி, சீக்கிரம் கீழே விழுந்துவிடும்; அதற்குக் கீழே இருந்தால்தான் காற்றில் மிதக்கும் என்றன. 1930களில் வில்லியம் வெல்ஸ் செய்த கணக்கு வேறு. காய்ந்து மிதப்பதற்கும் தரையில் விழுவதற்கும் இடையிலான எல்லையை அவர் ஏறத்தாழ நூறு மைக்ரான் அளவில் வைத்தார். காசநோய்க் கிருமி நுரையீரலின் அடி ஆழம் வரை போக ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகளாக இருக்கவேண்டும் என்பது வேறொரு உண்மை. இரண்டும் எப்படியோ கலந்து பாடப்புத்தகத்தில் ஏறி, தலைமுறை தலைமுறையாக நாம் மனப்பாடம் செய்தோம். 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் இதைத் திருத்தும்படி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்றுதான் உலக சுகாதார நிறுவனம் பழைய சொற்களை ஒதுக்கி, மூச்சோடு வெளிவரும் தொற்றுத் துகள் என்ற ஒரே பெயரில், சிறிதும் பெரிதுமாக ஒரு தொடர்ச்சி என்று சொன்னது. நான்கு ஆண்டு தாமதம். அந்த இடைவெளியில் எத்தனையோ வார்டுகளில் செவிலியர் சாதாரண நீல மாஸ்க்கோடு நின்றார்கள், விதி அப்படிச் சொன்னதால்.

இதிலிருந்து நமக்குப் பயன்படும் செய்தி மிகவும் எளியது. இருமும் நோயாளிக்கு நீல மாஸ்க். அவர் வாயிலிருந்து வருவதை அது தடுக்கும். பக்கத்தில் வேலை செய்யும் நமக்கு என்95; காற்றில் இருப்பதை நாம் இழுக்காமல் அது தடுக்கும். என்95 போட்டவுடன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வேகமாக ஊதிப் பாருங்கள். மூக்கோரம் காற்றுப் பீறிட்டால் மாஸ்க் முகத்தில் பொருந்தவில்லை. பிறகு, சன்னலைத் திறந்து வையுங்கள். குளிர் காற்று ஆகாது என்று மார்கழியில் வார்டின் எல்லாச் சன்னலையும் அடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காசநோய் வார்டில் அதைப் போலக் கெடுதல் வேறில்லை.

கைகழுவுவது பற்றி நீட்ட மாட்டேன். நோயாளியைத் தொடுமுன், ஊசி அல்லது டிரெஸ்ஸிங் போன்ற வேலைக்கு முன், ரத்தம் சிறுநீர் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையும் சாமானையும் தொட்ட பின் என்று ஐந்து வேளை. ஸ்பிரிட் கலந்த மருந்தென்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறையைக் கழற்றியதும் கழுவவேண்டும், போட்டிருந்தோமே என்று விட்டுவிடக்கூடாது. ஒரே கையுறையோடு நாலு கட்டிலுக்குப் போவது வெறுங்கையைவிட மோசம். ஏனென்றால் வெறுங்கை ஈரத்தை உணரும், கழுவத் தோன்றும்.

ஊசிக்கு வருகிறேன். நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் குப்பைப் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் தொடையில் ஊசி குத்திக்கொண்டார். மஞ்சள் பைக்குள் யாரோ ஊசியைப் போட்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த பிளீச்சிங் பவுடரைத் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்த வேலை, சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். பயிற்சி வகுப்பில் "சார்ப்ஸ்" என்று பத்துத் தடவை கேட்டிருக்கிறார். அது ஊசியும் பிளேடும் உடைந்த கண்ணாடியும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் இங்கே இருந்தால் சொல்லவேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன். ஊசி குத்தினால் பிழியக்கூடாது. விரலை வாயில் வைக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடர், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் தடவக்கூடாது. தோல் புண்ணாகும், பயன் இல்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே சிஸ்டரிடம் சொல்லவேண்டும். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை, 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். நோய் உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. மஞ்சள் காமாலை பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு, நூற்றில் முப்பது வரை போகலாம். எல்லோரும் எச்.ஐ.வி.யைக் கண்டு நடுங்குகிறோம். நூறு மடங்கு எளிதில் தொற்றும் கிருமியை மறந்துவிடுகிறோம். அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய சிரிஞ்சுகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் மஞ்சள் காமாலை பி பரவிப் பலர் இறந்தார்கள். சிரிஞ்சுக்குள்ளும் ரத்தம் ஏறும். இரண்டும் ஒரே தடவைதான்.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிறங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். மஞ்சள் பை எரிக்கப் போவது: ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத் துணி, உடல் உறுப்பு. சிவப்புப் பை பிளாஸ்டிக்: டிரிப்ஸ் டியூப், யூரின் பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு. குத்த முடியாத வெள்ளை டப்பா ஊசிக்கும் பிளேடுக்கும். நீலம் கண்ணாடிக்கு. பிளாஸ்டிக்கை மஞ்சளில் போட்டால் எரிக்கும்போது நச்சுப் புகை எழும்பி ஊரையே சேரும். ஊசியை மஞ்சளில் போட்டால் என்ன ஆகும் என்று சற்று முன் சொன்னேன்.

மாணவிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஏதாவது ஒரு தொற்றுத் தடுப்பு விதியை எடுத்துத் தமிழில் நாலு வரியில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடம் காட்டுமுன் வார்டு ஆயாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சொன்னபடி செய்து காட்டினால் அது சரியாக எழுதப்பட்டிருக்கிறது. தடுமாறினால் அவர் எந்தச் சொல்லில் நின்றாரோ அதை மாற்றுங்கள். கண்காணிப்பாளர்களாக வந்திருக்கும் டாக்டர்களிடமும் இரண்டு கேட்கிறேன். ஒப்பந்தப் பணியாளர் வேலையில் சேர்ந்த நாளிலேயே முதல் தவணை மஞ்சள் காமாலை பி ஊசியைப் போடுங்கள். ஊசி குத்தினால் யாரைக் கூப்பிடவேண்டும் என்ற போன் எண்ணை, சொன்னால் வேலை போகாது என்ற உறுதியோடு சேர்த்து, தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு வார்டிலும் எழுதி வையுங்கள்.

முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்த அம்மாக்களே, அண்ணன்மார்களே, நாளைக் காலை ஹைப்போ கரைக்கும்போது வாளியின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி மூன்றே விவரம் எழுதச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள்: எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குக் கலந்தது, எப்போது கொட்டவேண்டும். ஐந்து சதவீத மருந்தானால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதம் வரும். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது. எழுதித் தராவிட்டால் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.